சித்திரம் படிக்கும் பிள்ளையின் கடைசி வருஷம்

(ஹட்டனில் தோட்டத்துப் பெற்றோருக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது டாக்டர், இன்ஜினியர், டீச்சர் என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு நான் பேச வந்தது சித்திரம் படிக்கிற பிள்ளையைப் பற்றி. அதிலும் கடைசி வருஷத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றி. ஏனென்றால், அந்த ஒரு வருஷத்தில்தான் நம்ம வீடுகளில் பேச்சு கூடிப்போகிறது. "என்னா புள்ள, இத்தன வருஷமா படந்தான் கீறுற, அது என்னாத்துக்கு ஒதவும்? நீ பேசாம வந்து ஒரு வேலையப் பாரு" என்று சொல்லிவிடுகிறோம். இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையில் காசு இல்லாத நேரத்தில் வருகிற பேச்சு அது. ஆனால் அந்தப் பேச்சால் ஒரு பிள்ளை நாலு வருஷப் படிப்பைக் கடைசிப் படியில் விட்டுவிடக்கூடும்.

முதலில் ஒரு விசயம். சித்திரம் என்பது சும்மா கிடைக்கிற படிப்பு இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் இந்தத் துறை உண்டு. உயர்தரத்தில் சித்தியடைந்தால் மட்டும் போதாது. வரையத் தெரியுமா, பார்க்கத் தெரியுமா என்று தனியாக ஒரு பரீட்சை வைத்துத்தான் எடுக்கிறார்கள். லயத்துக் காம்பராவில், குப்பி லாம்பு வெளிச்சத்திலோ ஒரு பல்பு வெளிச்சத்திலோ வரைந்து பழகிய பிள்ளை அதில் தேறியது என்றால், அது சின்ன விசயமா?

இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் நம்ம தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்தான். அந்த முப்பது வருஷப் பின்னடைவைத் தாண்டித்தான் நம்ம பிள்ளைகள் போகிறார்கள்.

இனி, கடைசி வருஷத்தில் இந்தப் பிள்ளை என்னதான் செய்கிறது? ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை கதைப்படம் வரைவதைத் தன் இறுதி வேலையாக எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைப்படம் என்றால் எழுத்தோடு சேர்ந்து கதை சொல்லும் படம். 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். எழுதினவர் கல்கி, கண்ணுக்குக் காட்டினவர் மணியம். அதுதான் இந்தத் தொழில்.

அந்தப் பிள்ளை முதலில் ஒரு விசயத்தைத் தேர்ந்தெடுக்கும். நம்ம காமன் கூத்து என்று வையுங்களேன். கூத்தாடுகிறவர்களிடம் போய் உட்காரும். உடுப்பு, தப்பு, கம்பம் நடுகிற இடம் எல்லாவற்றையும் சின்னக் கொப்பியில் வரையும். பிறகு எந்தப் பக்கத்தில் எந்தக் காட்சி வரவேண்டும் என்று தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னதாகக் கீறிப் பார்க்கும். நூறு கீறினால் பத்துத் தேறும். அந்தப் பத்தையும் பெரிதாக வரைந்து, நிறம் கொடுத்து, பிழைத்ததைக் கிழித்து, மறுபடி வரையும். எப்படிச் செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதியும் கொடுக்கவேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் சுவரில் மாட்டி, பரீட்சகர்கள் முன்னால் நின்று, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

"போன்ல ஒரு போட்டோ புடிச்சாப் போதாதா?" என்று கேட்பீர்கள். போட்டோ ஒரு நொடியில் முடிந்துவிடும். வரைகிறவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் சில்பி என்று ஓர் ஓவியர் இருந்தார். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். 'ஆனந்த விகட'னில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பெயரில் அந்தப் படங்கள் பல வருஷம் வந்தன. அவர் பேனாவால் இழுத்த கோடுகளைப் பார்த்துத்தான் பல பேர் தங்கள் ஊர்ச் சிலையின் அழகையே தெரிந்துகொண்டார்கள். ஆகவே, உங்கள் மகள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பாட்டியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் "சும்மா இருக்கா" என்று எண்ணவேண்டாம். அவள் வேலை செய்துகொண்டிருக்கிறாள்.

இதில் நமக்கு என்ன லாபம்? உழைப்பைச் சொல்லலாம். சித்திர ஆசிரியர் வேலை, புத்தகம், அச்சகம், விளம்பரம், துணி வடிவமைப்பு, கணினியில் படம் செய்வது என்று வழிகள் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலம் தொட்டு நம்மைப் படம் பிடித்தவர்கள், வரைந்தவர்கள் யார்? வெளியார்தான். லிப்டன் 1890இல் இங்கே தோட்டம் வாங்கினார். பிறகு அவருடைய விளம்பரங்களில் கூடை சுமந்த பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். 1926 முதல் 1933 வரை லண்டனில் இருந்த பேரரசு விற்பனைச் சபை, பெரிய பெரிய சுவரொட்டிகளில் தேயிலைத் தோட்டத்தை அழகாகக் காட்டியது. அந்தப் படங்களில் அட்டைக்கடி இருந்ததா? நனைந்த படங்கின் பாரம் இருந்ததா? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா இருந்ததா? இல்லை. தேத்தண்ணி விற்க என்ன தேவையோ அது மட்டும் இருந்தது.

இப்போது நம்ம பிள்ளைகள் வரைகிறார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்தவர். தேயிலைச் சாயம், தேத்தண்ணி வடி, இவற்றையே தன் கலைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். நாம் தினமும் கழுவி வைக்கிற வடியில் லயத்து வாழ்க்கையைக் காட்டினார். அதே பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன் யுத்தத்தால் வீடிழந்த மக்களிடம், அவர்கள் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். அந்தப் படங்களோடு தன் படங்களையும் சேர்த்து 2011இல் ஒரு புத்தகமாக்கினார். வீடு போன பிறகும் அதன் வரைபடம் இருக்கிறது. நம்ம லயங்களும் ஒருநாள் போகும், போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே மூன்று நாலு தலைமுறை எப்படி வாழ்ந்தது என்பதும் சேர்ந்து போகலாமா? வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். அவர் காதால் கேட்டுச் சேர்த்ததைப்போல, இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துச் சேர்க்கிறார்கள்.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். கடதாசியும் சாயமும் விலைதான். எல்லாவற்றையும் நீங்கள் வாங்கிக் கொடுக்க முடியாது, அது எனக்குத் தெரியும். மகாபொல, பர்சரி இவற்றுக்குப் பிள்ளை விண்ணப்பித்ததா என்று கேளுங்கள். கிராம சேவகர் கடிதம், சம்பளச் சீட்டு வேண்டுமென்றால் நாள் கடத்தாமல் எடுத்துக் கொடுங்கள். லீவுக்கு வந்தால் கூரை ஒழுகாத ஒரு மூலையைக் கொடுங்கள். மழைக்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒரு மாத வேலையைக் கெடுத்துவிடும். படத்தைச் சுற்றி வைக்க ஒரு பிளாஸ்டிக் சீட்டு போதும். கல்யாணப் பேச்சையும் கொழும்புக் கடை வேலைப் பேச்சையும் அந்தக் கடைசி மாதங்களில் எடுக்கவேண்டாம். பழைய கதை கேட்டால் அலுக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. ஒருவரை வரைய முன்னால் அவரிடம் கேளுங்கள். கஷ்டத்தை மட்டும் வரைந்து பாராட்டு வாங்கவும் வேண்டாம், சிரிப்பை மட்டும் வரைந்து தேயிலைப் பெட்டிக்குப் படம் கொடுக்கவும் வேண்டாம். கண்டதை வரையுங்கள். கண்காட்சி முடிந்த பிறகு அந்தப் படங்களைத் தோட்டத்துக்கும் கொண்டுவாருங்கள். பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒருநாள் மாட்டுங்கள். உங்களுக்காக உட்கார்ந்த பாட்டி அதைப் பார்க்கவேண்டும்.

தாய்மார்களே, நாள் முழுக்க மழையில் நின்று எடுத்த கொழுந்தை, சாயங்கால நிறுவைக்குக் கொண்டுபோகாமல் மலையிலேயே கொட்டிவிட்டு வருவீர்களா? வரமாட்டீர்கள். பிள்ளையின் கடைசி வருஷமும் அந்த நிறுவைதான். கூடையோடு தராசு வரைக்கும் போகட்டும், விடுங்கள்.