கடலடியில் காற்றுக்குக் கணக்கு



அடுப்பில் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது எரிவாயு தீர்ந்துபோவது நம் வீடுகளில் அவ்வப்போது நடப்பதுதான். தோம்பைத் தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "இன்னும் இரண்டு நாளைக்கு வரும்" என்று நாம் போட்ட கணக்குத் தப்பிவிடுகிறது. அதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் பானையை ஏற்றிவிடலாம். ஆனால், அந்தத் தோம்பில் இருப்பது சமைக்கும் வாயுவாக இல்லாமல், மூச்சு விடும் காற்றாக இருந்தால்? அதை முதுகில் சுமந்திருப்பவர் கடலுக்கு அடியில் அறுபது, எழுபது அடி ஆழத்தில் இருந்தால்? அங்கே கணக்குத் தப்பலாமா?

ஸ்கூபா எனப்படும் முக்குளிப்பில், தோம்பில் எவ்வளவு காற்று மீதமிருக்கிறது என்று காட்டும் கருவிகளைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம். ஒன்று, நெடுங்காலமாக இருந்துவரும் முள் மானி. மற்றொன்று, கம்பியும் குழாயும் இல்லாமல் மணிக்கட்டில் கணக்குக் காட்டும் புதிய கருவி.

"தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், சபாவில் உள்ள சிப்பாடான் ஆகிய தீவுகளுக்கு முக்குளிப்பதற்கென்றே உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அங்கே படகோட்டவும், தோம்பு நிரப்பவும், வழிகாட்டவும் ஆட்கள் வேண்டும். நம் பிள்ளைகள் பால் வெட்டையும் குலை வெட்டையும் விட்டுப் பலவகைத் தொழில்களுக்குப் போகும் காலம் இது. அவர்களில் ஒருவர் நாளை இந்தத் தொழிலுக்கும் போகலாம். பெற்றோர்களும் விஷயத்தைத் தெரிந்திருப்பது நல்லதல்லவா?

முதலில் தோம்பைப் பார்ப்போம். 1943ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் என்னும் இருவர், முதுகில் சுமந்த தோம்பிலிருந்து தேவையான அளவு காற்றை மட்டும் வாய்க்கு அனுப்பும் கருவியை உருவாக்கினார்கள். இன்றைய முக்குளிப்புக் கருவிகள் அந்த வழியில் வந்தவையே. இப்போது பரவலாகப் புழங்கும் தோம்பு ஒன்றில் 12 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கிறார்கள். ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவே. எனவே 12 லிட்டர் தோம்பில் 2,400 லிட்டர் காற்று அடங்குகிறது. பழைய கணக்கில் சொன்னால், ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2,900 ராத்தல். லாரி டயரில் அடிக்கும் காற்றைவிட இது இருபது, முப்பது மடங்கு அதிகம்.

சமையல் வாயு தோம்புக்குள் திரவமாக இருக்கிறது. திரவம் தீரும்வரை அதன் அழுத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் அழுத்தத்தைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. முக்குளிப்பவரின் காற்று அப்படியன்று. பாதி செலவானால் அழுத்தமும் பாதியாகும். 200 பார் 100 பார் ஆகிவிட்டால், பாதிக் காற்று போய்விட்டது என்று பொருள். ஆகவே அழுத்தத்தை அளந்தால் போதும், மீதி தெரிந்துவிடும்.

ஆனால், மீதி எத்தனை நிமிடத்துக்கு வரும் என்பது ஆழத்தைப் பொறுத்தது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3 பார், 30 மீட்டரில் 4 பார். ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்று செலவாகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று செலவிடும் ஒருவருக்கு, நாம் சொன்ன தோம்பு மேலே 120 நிமிடம் வரும். 10 மீட்டரில் 60 நிமிடம், 20 மீட்டரில் 40 நிமிடம், 30 மீட்டரில் 30 நிமிடந்தான். பயந்தாலோ, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினாலோ அதுவும் குறையும்.

நேயர்களே, இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். காற்று குறைந்துவருவதை உடம்பு நமக்குச் சொல்லாது. பசித்தால் வயிறு சொல்லும், களைத்தால் கைகால் சொல்லும். ஆனால் நல்ல ரெகுலேட்டர், தோம்பு நிறைந்திருக்கும்போதும் ஏறக்குறைய காலியாகும்போதும் ஒரே மாதிரியாகவே காற்றைத் தரும். மூச்சு இழுக்கக் கடினமாகிறது என்று தெரியும்போது, எஞ்சியிருப்பது சில மூச்சுகளே. அதனால்தான் கண்ணால் பார்க்க ஒரு கருவி தேவைப்படுகிறது.

தொடக்க காலத்தில் பலரிடம் அந்தக் கருவி இல்லை. தோம்பின் வாயில் விசேஷமான ஒரு வால்வு இருந்தது. காற்று குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் மூச்சு இறுகும். உடனே பக்கத்தில் தொங்கும் கம்பியைக் கீழே இழுத்தால், ஒதுக்கி வைத்த காற்று திறந்துகொள்ளும். அதை வைத்து மேலே வந்துவிடுவார்கள். ஆனால் கம்பி பாறையில் தட்டி முன்னதாகவே இறங்கிவிட்டால், ஒதுக்கி வைத்த காற்றும் தெரியாமலே செலவாகிவிடும். ஆபத்து நேரத்தில் கம்பியை இழுத்தால் ஒன்றும் வராது. இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் முள் மானி.

இந்த முள் மானி நமக்குப் புதியதல்ல. செம்பனை ஆலையில் கொதிகலன்மேல் வட்ட முகத்துடன் ஒரு மானி இருக்கும். அதே தத்துவந்தான் இதுவும். 1849ஆம் ஆண்டில் யூஜீன் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் காப்புரிமை பெற்றார். திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கும் சுருட்டைக் காகித ஊதலைப் பார்த்திருப்பீர்கள். ஊதினால் சுருள் நிமிர்ந்து நீளும். விட்டால் சுருண்டுகொள்ளும். மானிக்குள் இருப்பதும் வளைந்த உலோகக் குழலே. அழுத்தம் ஏறினால் அது சற்று நிமிரும், அழுத்தம் இறங்கினால் மறுபடி வளையும். அந்த அசைவு முள்ளைத் திருப்புகிறது. பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தோம்பில் காற்று இருக்கும்வரை முள் வேலை செய்யும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முக்குளிப்பதற்கு முன் மானியைப் பார்த்தபடியே நாலைந்து முறை மூச்சு இழுக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் நலம். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால், தோம்பின் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம். அரைகுறையாகத் திறந்த வால்வு மேலே இருக்கும்போது போதுமான காற்றைத் தரும். ஆழத்திலே காலை வாரிவிடும்.

முள் மானிக்குக் குறையே இல்லையா? உண்டு. அது நீண்ட ரப்பர் குழாயின் நுனியில் தொங்குகிறது. கட்டி வைக்காவிட்டால் பவளப் பாறையில் சிக்கும், பவளத்தையும் உடைக்கும். குழாய் நாளடைவில் வெடிப்பு விடும். அதன் இணைப்பில் உள்ள சிறு ரப்பர் வளையம் தேய்ந்து, குமிழ் குமிழாகக் காற்று கசியும். உப்பு நீர் உள்ளே புகுந்தால் முள் சிக்கிக்கொள்ளும். சிக்கிய முள் நல்ல அளவைக் காட்டிக்கொண்டே நிற்கும்! குழாய் அறுந்தாலும் காற்று ஒரேயடியாகப் போய்விடாதபடி, குழாய்க்குப் போகும் வழியில் ஊசிமுனை போன்ற மிகச் சிறிய துவாரத்தையே வைத்திருக்கிறார்கள். மேலே வந்து சேர அது அவகாசம் கொடுக்கும்.

இனி, புதிய கருவிக்கு வருவோம். 1990களில் கம்பியில்லா அழுத்தமானிகள் கடைகளுக்கு வந்தன. விரல் நீளத்துக்குக் கூடுதலான சிறு உருளை ஒன்றை, தோம்பின் வாயில் உள்ள ரெகுலேட்டரில் திருகிவிடுகிறார்கள். அது அழுத்தத்தை உணர்ந்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை செய்தியாக அனுப்புகிறது. மணிக்கட்டில் உள்ள சிறு கணினி அதை வாங்கி எண்ணாகக் காட்டுகிறது. இந்த வானொலி உங்கள் வீட்டுக்கு வருவதைப் போல, அதுவும் அலைகள் மூலமே வருகிறது. ஆனால் உப்பு நீர் அலைகளை விழுங்கிவிடும். கைப்பேசியின் அலைகள் கடல் நீரில் சில விரற்கடைக்குள் மடிந்துபோகும். ஆகவே மிகத் தாழ்ந்த அதிர்வெண் உள்ள அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதும் இந்த வகை அலைகளாலேயே. அப்படியிருந்தும் இச்சிறு கருவியின் அலை ஒன்றரை மீட்டர் அளவே எட்டும். தன் தலைக்குப் பின்னிருந்து தன் கைக்கு வர அது போதும். ஒலியலை மூலம் இன்னும் தொலைவுக்கு அனுப்பும் கருவிகளும் இப்போது உண்டு. அவற்றைக் கொண்டு வழிகாட்டி ஒருவர் தம்முடன் வருபவர்களின் காற்றையும் பார்க்க முடியும்.

இதன் நன்மைகள் பல. குழாய் ஒன்று குறைகிறது. ஆழமும், நேரமும், காற்றின் அளவும் ஒரே இடத்தில் தெரிகின்றன. இதே ஆழத்தில் இதே போல மூச்சு விட்டால் இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம் என்று கணினியே பெருக்கிக் கழித்துச் சொல்லும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஒலி எழுப்பும். வேடிக்கை பார்ப்பதில் மெய்ம்மறந்திருப்பவரை அது தட்டி எழுப்பும்.

குறைகளும் உண்டு. முதலாவது, உருளையிலும் கணினியிலும் பேட்டரி வேண்டும். தீர்ந்தால் எண் மறைந்துவிடும். இரண்டாவது, கையை நீட்டிவைத்தாலும், புகைப்பட விளக்கு பக்கத்தில் மின்னினாலும், சில வேளை செய்தி அறுபடும். மூன்றாவது, உருளையையும் கணினியையும் முன்கூட்டியே ஒன்றோடொன்று சேர்த்து வைக்க வேண்டும். நான்காவது, எண் சற்றுத் தாமதித்தே மாறுவதால், அரைகுறையாகத் திறந்த வால்வு முள்ளில் தெரிவதுபோல இதில் தெரியாமல் போகலாம். ஐந்தாவது, அந்த உருளை பார்க்கக் கைப்பிடி மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் அதைப் பிடித்துத் தோம்பைத் தூக்கி உடைத்துவிடுவதுண்டு. படகில் தோம்பு சுமக்கப் போகும் தம்பிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். விலையும் முள் மானியைவிடப் பல மடங்கு அதிகம்.

அப்படியானால் எது நல்லது? அனுபவசாலிகள் பலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். கையில் உள்ள கணினியைப் பார்த்து நீந்துகிறார்கள். குட்டைக் குழாயில் ஒரு முள் மானியைத் துணைக்கு மாட்டி வைக்கிறார்கள். ஒன்று நின்றால் மற்றொன்று பேசும். புதிய கருவி மட்டுமே போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களும் எண் மறைந்தால் முக்குளிப்பை அத்துடன் முடித்து, துணைவருக்குச் சைகை காட்டி, நிதானமாக மேலே வந்துவிட வேண்டும். ஒரு கருவி மட்டுமே வாங்க வசதி உள்ளவருக்கு முள் மானியே ஏற்றது என்பது நம் கருத்து.

எந்தக் கருவியானாலும் விதி ஒன்றே. 50 பார் காற்றுடன் மேலே வந்து சேர வேண்டும். நாம் சொன்ன தோம்பில் 50 பார் என்பது 600 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் அது ஒருவருக்கு 10 நிமிடம். துணைவருக்குக் காற்று தீர்ந்து, இருவரும் பங்கிட்டால் 5 நிமிடம். நிமிடத்துக்கு 10 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர, ஏறக்குறைய அந்த நேரம் பிடிக்கும். பதறினால் அதுவும் போதாது. அந்த 50 பார் வேடிக்கை பார்ப்பதற்கன்று, இரண்டு உயிர்களை மேலே கொண்டுவருவதற்கு. காற்று தீரும் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே வருவது அதைவிட ஆபத்து. உள்ளே உள்ள காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

ஆகவே, இத்தொழிலை நாடும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். முறையாகப் பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கிய பிறகே கடலில் இறங்குங்கள். இறங்குமுன் மானியைச் சோதியுங்கள். இறங்கியபின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாருங்கள். பார்ப்பதற்கு முன், "இப்போது இவ்வளவு இருக்கும்" என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். மானி காட்டுவதும் நீங்கள் போட்ட கணக்கும் ஒத்துவந்தால் கருவி சரி, நீங்களும் சரி. ஒத்துவராவிட்டால், ஏதோ ஒன்று தவறு என்று உடனே விழித்துக்கொள்ளுங்கள். சிக்கிய முள்ளையும், பழுதான உருளையையும் காட்டிக்கொடுப்பது இந்த மனக்கணக்கே.

எந்தத் தொழிலிலும் புதிய கருவிகள் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது, எப்போது நின்றுபோகும், நின்றால் என்ன செய்வது என்ற மூன்றையும் அறிந்தவனுக்கே கருவி துணையாகும். அந்த அறிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம்.