கல்லூரியில் இயற்பியல்: எந்த வழி?



மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், சான்றிதழ்களைக் கையில் ஏந்திய பிள்ளைகளும் பெற்றோரும் பாளையங்கோட்டையின் கல்லூரி வாயில்களில் நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுள் பலர் என்னிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுப்பதா? வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டு இயற்பியலைத் துணைப்பாடமாகப் படித்தால் போதாதா?" இன்று அதைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

எங்கள் தலைமுறையினர் பள்ளியிறுதித் தேர்வுக்குப் பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் படித்தோம். பௌதிகம் நமக்கு ஒத்துவருமா என்று உணர்ந்துகொள்ள அவ்வோராண்டு உதவியது. 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கே வந்துவிட்டது. ஆகவே, இன்றைய மாணவர் கல்லூரியில் காலடி வைக்கும் முன்னரே முடிவு செய்ய வேண்டியவராகிறார்.

இரண்டு வழிகளின் இயல்பையும் முதலில் அறிந்துகொள்வோம். வேதியியல், கணிதம் போன்றவற்றை முதன்மையாகப் பயில்வோருக்கு இயற்பியல் துணைப்பாடமாக அமைவது வழக்கம். பருப்பொருளின் பண்புகள், வெப்பம், ஒலி, ஒளி, மின்னியல், அணுவியல் ஆகிய அனைத்தையும் அதில் சுருக்கமாகக் கற்பர். முதன்மைப் பாடமாக எடுத்தவர்களோ இவற்றை ஒவ்வொன்றாக, பருவந்தோறும் விரிவாகப் பயில்வர். முன்னது மலையுச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பது. பின்னது பள்ளத்தாக்கில் இறங்கி ஊர் ஊராக நடப்பது.

நம் தாமிரபரணியையே சான்றாகக் கொள்வோம். பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டு முதல் ஆற்றுநீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கின்றனர். வினாடிக்கு 10 கன மீட்டர் நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வோம். நீரின் நிறை 10,000 கிலோகிராம், அதனை 9.8 என்னும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கினால், வீணாவதைக் கழிக்காமல், 9,800 கிலோவாட் திறன் கிடைக்கும். துணைப்பாட மாணவர் இதனை எளிதில் கணக்கிடுவார். ஆனால், அணையில் தேங்கிய நீர் முழுவதிலும் அடங்கிய ஆற்றல் எவ்வளவு? நீர் குறையக் குறைய விழும் உயரமும் குறைகிறதே! ஒவ்வோர் அடுக்கு நீருக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும். அங்கே தொகை நுண்கணிதம் துணைக்கு வருகிறது. அந்தக் கணிதத்தோடு கைகோத்துச் செல்வதே முதன்மைப் பாடத்தின் வழி.

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இப்பிரிவு உண்டு. அமெரிக்காவில் மருத்துவம் நாடுவோருக்கு நுண்கணிதம் வேண்டாத பாடவரிசையையும், பொறியியலும் இயற்பியலும் நாடுவோருக்கு நுண்கணிதத்தோடு கூடிய வரிசையையும் அமைத்திருக்கின்றனர். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. பயணம் வேறு, பாதையும் வேறு.

நம் ஊருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நிலக்காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில் செல்கிறது. ஆதலின், மேலும் கீழும் சாயும்படி தொங்கவிடப்பட்ட காந்த ஊசி இங்கே ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். பகற்பொழுதில் நம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதனையும் ஆராயும் வகையில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. அங்கே பணியாற்றும் தகுதி வேண்டுமானால் இயக்கவியல், மின்காந்தவியல், திசையன் கணிதம் ஆகியவற்றைப் படிப்படியாக ஏறிக் கடக்கவேண்டும். துணைப்பாடம் அவ்வளவு தூரம் அழைத்துச் செல்லாது.

மதிப்பெண் குறைந்துவிடும் என்ற அச்சத்தால் விருப்பத்தைக் கைவிடுவோர் உண்டு. நான் அறிந்த மாணவி ஒருத்தி, பீடி சுற்றும் அன்னையின் மகள், இயற்பியலில் பேரார்வம் உடையவள். உற்றார் சொற்கேட்டு வேதியியலில் சேர்ந்தாள், நன்றாகவே தேறினாள். பின்னர் முதுகலையில் இயற்பியல் பயில விழைந்தபோது, இளங்கலையில் அதனை முதன்மையாகப் பயின்றிருக்கவேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இன்று அவள் சிறந்த வேதியியல் ஆசிரியை, அதில் ஐயமில்லை. எனினும், மூடிய கதவு மூடியதுதான். நுழையும் முன்னரே, அடுத்து எந்தக் கதவு திறக்கும் என்று கேட்டறிவது அறிவுடைமை.

ஆகவே, நான்கு வினாக்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மேல்நிலையில் கணிதம் பயின்றீர்களா? முதன்மைப் பாடத்திற்குக் கல்லூரிகள் பொதுவாக அதனை எதிர்பார்க்கும். கடினமான கணக்கு ஒன்றோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போராடுவது உங்களுக்குச் சலிப்பா, களிப்பா? மூன்றாண்டு கழிந்தபின் எங்கே செல்ல எண்ணுகிறீர்கள்? நீங்கள் சேரவிருக்கும் கல்லூரியில் கணிதத் துணைப்பாடம் முதலாண்டிலேயே வருகிறதா? பின்னால் வருமாயின், கோடை விடுமுறையிலேயே நுண்கணிதத்தைத் திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் பயின்றோர் கலங்க வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேட்டில் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே நாள்தோறும் பத்து எழுதி வாருங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் மொழித்தடை பெரிதும் விலகும்.

உயிரியலிலோ வேதியியலிலோ உள்ளம் தோய்ந்தவர்கள் துணைப்பாடத்தை இரண்டாந்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். நுண்ணோக்கியின் வில்லையும் எக்ஸ் கதிரும் அவர்களுக்கும் உரியவையே. எந்த வழியாயினும், அண்டை வீட்டார் சொன்னதற்காக அன்றி, உங்கள் ஆற்றலையும் ஆர்வத்தையும் எடைபோட்டுத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்ந்தபின் தயங்காது உழையுங்கள்.