ஒரு வண்டுக்கு எப்போ பெயர் கிடைக்கும்?

இன்னைக்கு எபிசோடை உங்க சமையலறையில இருந்து ஆரம்பிக்கிறேன். அரிசி டப்பாவை ரொம்ப நாள் திறக்காம விட்டிருந்தா, உள்ளே குட்டியா, கருப்பா, மூக்கு மட்டும் நீளமா ஒரு வண்டு ஊர்ந்துக்கிட்டு இருக்கும். அரிசியைப் புடைச்சு வெயில்ல காய வைப்போம், அதோட அந்த வண்டை மறந்துடுவோம். அந்த நீள மூக்குக் கூட்டத்துக்குப் பெயர் கூன்வண்டு. தென்னையைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டும் இந்தக் கூட்டம்தான். நாம இன்னைக்குப் பார்க்கப்போறது இவங்களோட தூரத்துச் சொந்தக்காரங்களை. இருக்கிறது இந்தோனேசியாவுல, சுலாவெசி தீவுல.

2019-ல ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. எழுதினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஜெர்மனியில கார்ல்ஸ்ரூ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீடல். இன்னொருத்தர் இந்தோனேசியாவில போகோர் விலங்கியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராடன் பிரமேச நரகுசுமோ. டிரைகனாப்டெரஸ் என்கிற ஒரே பேரினத்துல, அந்த ஒரே தீவுல இருந்து, 103 புது சிற்றினங்களை அவங்க அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தீவுல இந்தப் பேரினத்துல பெயர் வெச்ச சிற்றினம் எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. அதுவும் 1885-ல வெச்சது.

ஏன் இவ்வளவு நாள் யாரும் பார்க்கலை? இந்த வண்டுகள் பெரும்பாலும் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். பறக்காது. நிறைய இனங்கள் காட்டுத் தரையில, மக்கின இலைகளுக்குள்ள இருக்கும். இலைக்குப்பையை அள்ளி, சல்லடையில சலிச்சுத்தான் பிடிக்கணும். தொட்டா காலை மடக்கிச் செத்த மாதிரி நடிக்கும், மண் துகளுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. பிடிச்சு மைக்ரோஸ்கோப்ல வெச்சாலும் பல இனங்கள் ஒண்ணுபோலவே இருக்கும்.

அப்போ எனக்கு வந்த கேள்வி இதுதான். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா, இது 103-ன்னு எப்படிச் சொன்னாங்க? ஏன் 60 இல்லை, ஏன் 150 இல்லை?

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சினை நல்லாத் தெரியும். ஒரே பக்-ஐ அஞ்சு பேர் அஞ்சு டிக்கெட்டாப் போட்டிருப்பாங்க. இன்னொரு பக்கம், வேற வேற ரெண்டு பக் ஒரே எரர் மெசேஜ் காட்டுறதால ஒரே டிக்கெட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். வெளியில தெரியுறதை மட்டும் வெச்சுப் பிரிச்சா ரெண்டு பக்கமும் தப்பு நடக்கும். வகைப்பாட்டியல்லயும் இதே ரெண்டு தப்புதான்: ஒண்ணை ரெண்டாக்குறது, ரெண்டை ஒண்ணாக்குறது.

முதல் கருவி உடற்கூறு. ஓட்டுல இருக்கிற புள்ளிக் குழிகள், செதில்கள், தொடையில இருக்கிற பல், மூக்கோட மேடு பள்ளம், இதையெல்லாம் ஒப்பிடுவாங்க. ஆனா வண்டு ஆய்வுல ரொம்ப நம்புறது ஆண் வண்டோட இனப்பெருக்க உறுப்பை. சிரிக்காதீங்க, சீரியஸான விஷயம். நெருங்கின உறவுள்ள இனங்கள்ல வெளித்தோற்றம் அப்படியே இருக்கும்போதும் இந்த உறுப்பு வேகமா மாறும். அதனால வெளியில இரட்டையர் மாதிரி இருக்கிற ரெண்டு வண்டுகள் உள்ளே தெளிவா வேறா இருக்கும்.

உடற்கூறைக் கூர்ந்து பார்த்தா வேற என்னவெல்லாம் கிடைக்கும்னு ஒரு சின்ன உதாரணம். 2011-ல இதே ரீடலும் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்களும் டிரைகனாப்டெரஸ் ஆப்லாங்கஸ் என்ற வண்டோட இடுப்பு மூட்டை எக்ஸ்ரே மூலமா முப்பரிமாணத்துல பார்த்தாங்க. உள்ளே நட்டும் போல்ட்டும்! ஒரு பாகத்துல உள்மரை, இன்னொண்ணுல வெளிமரை, கால் திரும்பும்போது திருகாணி மாதிரி சுழலுது. ‘சயின்ஸ்’ இதழ்ல வெளியான கட்டுரை அது. மெக்கானிக்கல் படிச்ச நண்பர்கள் யாராவது இருந்தா இந்த எபிசோடை ஃபார்வர்ட் பண்ணுங்க.

ரெண்டாவது கருவி டி.என்.ஏ. கனடாவுல கெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹீபர்ட் 2003-ல ஒரு யோசனை சொன்னார். விலங்குகளோட மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற காக்ஸ்-1 என்ற ஒரு ஜீன்ல, 658 எழுத்து அளவுக்கு ஒரு துண்டை மட்டும் படிச்சா போதும், அதை வெச்சு இனத்தை அடையாளம் காணலாம்னு. இதுக்குத்தான் டி.என்.ஏ. பார்கோடுன்னு பெயர். ஒரு செல்லுல மைட்டோகாண்ட்ரியா நிறைய இருக்கிறதால, குட்டி வண்டுல இருந்தும் இந்தத் துண்டை எடுக்க முடியும்.

இதை நான் முதல்ல ஹாஷ் மாதிரின்னு நினைச்சேன். தப்பு. ஹாஷ்ல ஒரு எழுத்து மாறினா மொத்தமும் மாறிடும். இங்க கொஞ்சம் மாறினா கொஞ்சம்தான் தூரம். அதனாலதான் சிக்கலே. ஒரே இனத்துக்குள்ளயும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். எத்தனை சதவீதம் தாண்டினா புது இனம்? எல்லா உயிர்களுக்கும் பொருந்துற ஒரே எண் கிடையாது. அது மட்டுமில்லை, மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியா மட்டும் வர்றது. என்னைக்கோ ரெண்டு இனங்கள் கலந்திருந்தா, ஒரு இனத்தோட பார்கோடு இன்னொரு இனத்துக்குள்ள தங்கிடலாம். பறக்காத வண்டு வேற. ஒரே இனம் ரெண்டு மலையில தனித்தனியா நாள்கணக்கு தெரியாம வாழ்ந்தா, பார்கோடு மட்டும் விலகிப் போயிருக்கலாம்.

அதனால ரெண்டு சாட்சியையும் தனித்தனியா விசாரிக்கணும். ரெண்டும் ஒத்துப்போனா தைரியமாப் பிரிக்கலாம். ஒத்துப்போகலைன்னா உட்கார்ந்து மறுபடி பார்க்கணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது செய்முறைதான். வண்டை அரைக்காமலே டி.என்.ஏ. எடுக்குறாங்க. நொதி கலந்த திரவத்துல ஊறவெச்சா உள்ளே இருக்கிற தசை கரையும், ஓடு அப்படியே நிற்கும். அந்த ஓட்டையும் உறுப்பையும் பிறகு மைக்ரோஸ்கோப்ல பார்க்கலாம். அதாவது டி.என்.ஏ.வும் உடற்கூறும் ஒரே உடம்புல இருந்து வருது. அந்த ஒரு உடம்பை மூல மாதிரியா, லேபிள் போட்டு அருங்காட்சியகத்துல வைப்பாங்க. பெயர் ஒட்டியிருக்கிறது அந்த உடம்புல. நூறு வருஷம் கழிச்சு யாராவது வந்து ‘நீங்க சொன்னது தப்பு’ன்னு நிரூபிக்கணும்னாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க.

இவ்வளவு கவனம் தேவையான்னு கேட்கிறவங்களும் இருக்காங்க. 2021-ல கோஸ்டா ரிகாவில இருந்து 403 புது ஒட்டுண்ணிக் குளவி இனங்களை ஒரே கட்டுரையில அறிவிச்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் பெரும்பாலும் பார்கோடும் ஒரு படமும்தான் ஆதாரம். வகைப்பாட்டியலாளர்கள் நடுவுல பெரிய சண்டை. ஒரு பக்கம், பார்கோடு வசதி இல்லாத ஊர்ல இருக்கிறவர் கையில குளவியை வெச்சுக்கிட்டு எப்படி அடையாளம் காண்பார்னு கேட்டாங்க. இன்னொரு பக்கம், காடு போற வேகத்துல நீங்க பக்கம் பக்கமா வர்ணிச்சு முடிக்கிறதுக்குள்ள வர்ணிக்க எதுவும் மிஞ்சாதுன்னு சொன்னாங்க. எனக்கு ரெண்டு வாதத்துலயும் நியாயம் தெரியுது. ஆனா ரீடல் குழு நடுவுல ஒரு வழி காட்டியிருக்கு: வர்ணனையைச் சுருக்கு, சாட்சியைச் சுருக்காதே. நல்ல படங்கள், பார்கோடு, உறுப்போட படம், குறுகிய குறிப்பு. 2013-ல நியூ கினியாவுல இருந்து 101 இனங்களை இந்த முறையிலதான் வெளியிட்டாங்க.

அத்தனை பெயருக்கு எங்க போறது? நியூ கினியா வண்டுகளுக்கு, பப்புவா நியூ கினியாவோட டெலிபோன் டைரக்டரியில இருந்து குடும்பப் பெயர்களை எடுத்தாங்க! சுலாவெசியில பச்சையா, குட்டியா இருந்த ஒண்ணுக்கு யோடா. குண்டா இருந்ததுக்கு ஒபிலிக்ஸ், கூடவே ஆஸ்டெரிக்ஸ். டார்வின், வாட்சன், கிரிக், பார்கோடு கொண்டுவந்த ஹீபர்ட் பெயர்லயும் வண்டு இருக்கு.

பெயர் விளையாட்டா இருக்கலாம், அதோட விளைவு விளையாட்டு இல்லை. இந்த வண்டுகளுக்குப் பறக்கத் தெரியாது. பல இனங்கள் ஒரே ஒரு இடத்துல, ஒரு மலைச்சரிவுல மட்டும்தான் கிடைச்சிருக்கு. அந்தச் சரிவுல மரத்தை வெட்டினா பக்கத்து மலைக்குப் போக அதுக்கு வழி கிடையாது. 103-ஐயும் ஒரே இனம்னு நாம தப்பா நினைச்சிருந்தா, ‘தீவு முழுக்க இருக்கே, ஒரு மலை போனா என்ன’ன்னு சொல்லியிருப்போம். பிரிச்சுப் பார்த்த பிறகுதான், அந்த ஒரு மலையோட ஒரு இனமே போகும்னு சொல்ல முடியுது. அந்தத் தீவுல இன்னும் யாரும் சலிச்சுப் பார்க்காத இடங்கள் நிறைய இருக்கு.

அடுத்த தடவை அரிசி டப்பாவுல அந்த மூக்கு வண்டைப் பார்த்தா, வெயில்ல போடுறதுக்கு முன்னாடி போன் கேமராவை ஜூம் பண்ணி ஒரு நிமிஷம் பாருங்க. காலை மடக்கி நடிக்குதான்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.