எந்த லெவல், தம்பி?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)

 

காலையில் கேன்டீன் பக்கம் போனேன். அங்கிருந்த தம்பிகளிடம் நாலு வார்த்தை அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்தால், பின்னால் ஒரு குரல்: "பூமர் அங்கிள்டா!" அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைக் குறித்த சொல் அது. 2019-ல் டிக்டாக்கில் கேலிச் சொல்லாகி உலகம் சுற்றி, நம்ம ஊர் ரீல்ஸில் 'அங்கிள்' சேர்த்துக்கொண்டு, முப்பத்தைந்து வயதுக்காரன் தலையில் வந்து விழுந்திருக்கிறது!

எனக்குக் கோபமில்லை. வடிவேலு வசனம் பேசியே நாலு வருஷம் விடுதியில் ஓட்டியவர்கள்தானே நாங்கள்? தமிழ் ஒன்றும் செத்துப் போகவில்லை.

என் கவலை வேறு. நான் வேலை பார்க்கும் ஆலையில் ஓர் இரவு. புதிதாகச் சேர்ந்த பையன் செய்தி அனுப்பினான்: "சார், பம்ப் சவுண்டு வேற லெவல்!" அன்றைக்குத்தான் சர்வீஸ் முடித்திருந்தோம். பாராட்டுகிறான் என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். விடிவதற்குள் பேரிங் ஜாமாகி பம்ப் நின்றுவிட்டது. ஒரு நாள் உற்பத்தி போச்சு. அவன் சொன்னது எச்சரிக்கை! கரகரப்பா, கீச்சா, அதிர்வா, சூடா? அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு இருவர் மேலும்தான்.

ரீல்ஸில் முதல் சில நொடியில் ஆளைப் பிடிக்காவிட்டால் விரல் அடுத்ததுக்குத் தள்ளிவிடும். அதனால் பேசுகிறவர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்லாகப் பார்த்து வீசுகிறார். பிரியாணியும் வேற லெவல், மழையும் வேற லெவல். "எந்த லெவல்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டே ஆகணும்.

வலைத்தளப் பிரபலங்கள் எல்லாரையும் குறை சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்கள் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். சட்டியில் போடுகிற பொருளைப் பேர் சொல்லிச் சொல்லித்தான் போடுகிறார்கள்!

தம்பி தங்கைகளே, கேன்டீனில் எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள். வேலை என்று வந்தால் பேர் சொல்லிப் பேசுங்கள். புரியாவிட்டால் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். இதுவும் பூமர் அறிவுரைதான், பரவாயில்லை!