இரும்பும் நடுநிலையும்: இரண்டாம் உலகப் போரில் ஸ்வீடன்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு சொல் நெருடினால் அன்று முழுதும் அது விடாது. சில காலமாக என்னை அவ்வாறு நெருடி வருவது ‘நடுநிலை’ என்னும் சொல். போரில் எப்பக்கமும் சேராத நாட்டை நாம் ‘நடுநிலை நாடு’ என்று எழுதிவிடுகிறோம். ஆனால் வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாக வைத்த ‘நடுவு நிலைமை’ வேறு பொருளுடையது. பகைவர், நண்பர், இரண்டுமல்லாதார் ஆகிய எவரிடத்தும் அறம் பிறழாது நிற்பது அது. இரண்டுமல்லாத அந்த நிலைக்கோ, ‘நொதுமல்’ என்ற தனிச்சொல் பரிமேலழகர் உரையிலேயே உள்ளது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததன் விளைவாக, போரில் சேராத அரசு நீதியின் பக்கம் நின்ற அரசு போலவும் நமக்குத் தோன்றிவிடுகிறது. ஸ்வீடனைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

நடுநிலையை அறிவித்ததால் மட்டும் ஸ்வீடன் தப்பவில்லை. நார்வேயும் டென்மார்க்கும் அறிவித்திருந்தன. 1940 ஏப்ரல் 9 அன்று இரண்டின் மீதும் ஜெர்மன் படை பாய்ந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகியவையும் நடுநிலை நாடுகளே. மே 10 அன்று அவற்றின் முறை வந்தது. பெல்ஜியம் பிரான்சுக்குச் செல்லும் வழியில் இருந்தது. நார்வேயின் கடற்கரை இரு தரப்புக்குமே தேவைப்பட்டது. ஓர் அரசின் அறிவிப்பை விட அதன் நிலம் எங்கே கிடக்கிறது, அந்நிலத்தில் என்ன இருக்கிறது என்பதே ஆக்கிரமிப்பாளனின் கணக்கில் முதலிடம் பெறுகிறது.

ஸ்வீடனின் நிலத்தில் இருந்தது இரும்புத் தாது. வடகோடியில் கிருணா, யெல்லிவாரே சுரங்கங்களில் கிடைத்த தாதுவில் 60 விழுக்காடு வரை இரும்பு இருந்தது. ஜெர்மனியின் எஃகு உலைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி டன் ஸ்வீடன் தாதுவை விழுங்கின. கோடையில் அது லூலியோ துறைமுகம் வழியே பால்டிக் கடலில் சென்றது. குளிர்காலத்தில் அக்கடல் உறைந்துவிடும். அப்போது ரயில் மூலம் நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குச் சென்றது. 1940 தொடக்கத்தில் பின்லாந்துக்கு உதவுவதாகக் கூறி, படைகளைக் கடத்திச் செல்லப் பிரிட்டனும் பிரான்சும் ஸ்வீடனிடம் வழி கேட்டன. பின்லாந்து சாக்கு, சுரங்கங்களே இலக்கு. ஸ்வீடன் மறுத்தது. நார்வே வீழ்ந்தபின் நாடு சுற்றி வளைக்கப்பட்டது. மேற்குக் கடல்வழி அடைபட்டது. நிலக்கரிக்கே ஜெர்மனியை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

இங்கே பெர்லினின் கணக்கைப் பாருங்கள். படையெடுத்தால் சுரங்கங்களும் மின்நிலையங்களும் ரயில்பாதையும் தகர்க்கப்படலாம். ஆண்டுக்கணக்கில் தாது நிற்கலாம். படையெடுக்காவிட்டால் தாது தானே கப்பலேறி வருகிறது. பிரிட்டிஷ் படை உள்ளே வரவும் இனி வழியில்லை. இந்நிலையில் ஸ்வீடனைத் தாக்குவது ஜெர்மன் முதலாளித்துவத்துக்கு நட்டம். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டி நிறுத்திய ஸ்வீடன் ராணுவத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. அது நட்டக்கணக்கைப் பெருக்கியது.

அடுத்து ரயில்களுக்கு வருவோம். 1940 ஜூலையில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நார்வேயை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் சிப்பாய்கள் ‘விடுப்பில்’ செல்லவும் திரும்பவும் ஸ்வீடன் ரயில்கள் ஓடின. கட்டணம் முறையாக வசூலிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் இவ்வாறு நடந்த சிப்பாய்ப் பயணங்கள் 20 லட்சத்துக்கும் மேல். 1941 ஜூனில், சோவியத் ஒன்றியம் தாக்கப்பட்ட சில நாட்களிலேயே, ஜெர்மனியின் 163ஆவது காலாட்படைப் பிரிவு முழுவதும் ஆயுதங்களோடு நார்வேயிலிருந்து ஸ்வீடன் வழியே பின்லாந்துக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டது. இதற்கு விடுப்பு என்ற சாக்குக்கூட இல்லை. மறுத்தால் மன்னர் முடிதுறப்பார் என்று பிரதமர் பெர் ஆல்பின் ஹான்சன் தம் கட்சியினரிடம் கூறினார். மன்னர் உண்மையில் அவ்வாறு மிரட்டினாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஹான்சன் சமூக ஜனநாயகவாதி என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவற்றையெல்லாம் எந்த அளவு மன்னிக்கலாம்? சுமார் 63 லட்சம் மக்கள் கொண்ட சிறு நாடு தன் மக்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பாமல் காத்தது சிறிய செயலன்று. தாது விற்றதை, ரயில் விட்டதைக்கூட, கழுத்தில் கத்தி இருந்தது என்று வாதாடலாம். நான் அவ்வாதத்தை எள்ளி நகையாடமாட்டேன். ஆயினும் அதன் விலையில் ஒரு பகுதியை நார்வே மக்கள் செலுத்தினர் என்பதை மறக்கவும் முடியாது.

ஆனால் கத்தி கழுத்துக்கு வருமுன்னே நடந்தவை உண்டு. தேதிகளைக் கவனியுங்கள். 1939 டிசம்பரில் அமைந்த கூட்டணி அரசில் நாடாளுமன்றத்தின் பெரிய கட்சிகள் எல்லாம் இருந்தன; கம்யூனிஸ்டுகளுக்கு மட்டும் இடமில்லை. சோவியத்-பின்லாந்துப் போர் நடந்த நேரம் அது. சோவியத் நிலையை ஆதரித்த தோழர்கள் மீது நாடெங்கும் வெறுப்பு மூட்டப்பட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட கம்யூனிஸ்டுகளும் அவ்வாறு ஐயுறப்பட்டோருமாக நூற்றுக்கணக்கானோர் துப்பாக்கி தரப்படாமல், ஸ்டோர்சியென் என்னும் வடபுல முகாமில் சாலை போடும் வேலைக்கு அடைக்கப்பட்டனர். 1940 மார்ச் 3 அன்று லூலியோ நகரில் கட்சி நாளேடான ‘நோர்ஷென்ஸ்ஃபிளாம்மன்’ அலுவலகம் வெடிவைத்துக் கொளுத்தப்பட்டது. அக்கட்டடத்தில் குடியிருந்தவர்களில் ஐவர் மாண்டனர், இருவர் குழந்தைகள். குற்றவாளிகளுள் ராணுவ அதிகாரிகளும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரும் இருந்தனர். அதே மாதத்தில் கம்யூனிஸ்ட் ஏடுகளுக்கு ‘போக்குவரத்துத் தடை’ விதிக்கப்பட்டது. அச்சிடலாம், தடையில்லை; அஞ்சலிலும் ரயிலிலும் அனுப்பக் கூடாது! வாரந்தோறும் ஏடு கட்டி அனுப்பும் தோழர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சில மாதங்களில் அதே ரயில்களில் ஹிட்லரின் சிப்பாய்கள் ஏறினர்.

இவையனைத்தும் ஏப்ரல் 9க்கு முந்தியவை. அப்போது நார்வேயில் ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட இல்லை. நடுநிலையைக் காக்கவே உள்நாட்டில் வாயடைக்க வேண்டியதாயிற்று என்று சொல்வோரிடம் இந்தத் தேதிகளைத்தான் காட்ட வேண்டும்.

ஸ்வீடன் அரசின் போக்கு எப்போது மாறியது? 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் ஆறாம் படை சரணடைந்தது. ஜூலையில் கூர்ஸ்க் போர். ஆகஸ்டில் ஸ்வீடன், சிப்பாய் ரயில்களை நிறுத்துவதாக அறிவித்தது. அதே அக்டோபரில் டென்மார்க்கிலிருந்து மீன்பிடிப் படகுகளில் தப்பி வந்த 7,000க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றுக்கொண்டது. இதைப் போற்றாமல் இருக்க இயலாது. நார்வே அகதி இளைஞர்களுக்குக் ‘காவலர் பயிற்சி’ என்ற பெயரில் ராணுவப் பயிற்சியும் தந்தது. நேச நாடுகளின் நெருக்குதலால் 1944 இறுதியில் தாது வணிகமும் பேரிங் ஏற்றுமதியும் நின்றன. ஸ்டாக்ஹோமில் சோவியத் தூதராக இருந்த அலெக்சாந்திரா கொலந்தாய் பின்லாந்து சமாதானப் பேச்சுகளில் ஆற்றிய பணி தனி உரைக்குரியது, இன்று நேரமில்லை.

மொழிபெயர்ப்புக்கே திரும்புகிறேன். ஹிட்லரிடமிருந்து தப்பி ஸ்வீடனில் தஞ்சம் புகுந்திருந்த பிரெக்ட், 1939இல் அங்கேதான் ‘தாய் தைரியம்’ நாடகத்தை எழுதினார். பதினேழாம் நூற்றாண்டுப் போரில், முதலில் ஸ்வீடன் படையின் பின்னால், வண்டியிழுத்து வாணிகம் செய்யும் ஒரு தாயின் கதை அது. போரில் அவள் எப்பக்கமும் இல்லை, சரக்கு விற்கிறாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் போரில் சாகிறார்கள். நார்வேயும் டென்மார்க்கும் வீழ்ந்த அந்த ஏப்ரலில் பிரெக்ட் குடும்பத்தோடு ஸ்வீடனை விட்டுப் பின்லாந்துக்குக் கப்பலேறினார்.