கணுக்காற் சுளுக்கும் எலும்பு முறிவும்: பகுத்தறியும் விதம்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வரவு செலவையும் தவணை தவறிய கடன்களையும் பற்றிப் பேசவேண்டிய இன்ஸ்பெக்டர், கணுக்காலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் கடன் ஏன் நிலுவையாயிற்று என்று விசாரித்துக்கொண்டு போனால், மழை பொய்த்தது, மாடு இறந்தது என்பவற்றோடு, "வரப்பில் கால் பிசகிவிட்டது, இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை" என்ற காரணமும் காதில் விழுகின்றது. நடவு வயலிலும், கிணற்றுப் படியிலும், பனைமரத்தடியிலும் ஆண் பெண் இருபாலருக்கும் நேரக்கூடிய விபத்து இது. கூலிக்குச் செல்பவருக்குக் கால்தான் முதல்; அது படுத்துவிட்டால் வட்டி மட்டும் நடக்கும்.

இதில் நம்மவர் இரண்டு விதமாக நஷ்டமடைகின்றனர். எலும்பு முறிந்திருக்கும்பொழுது வெறும் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, எலும்பு கோணலாய்ச் சேர்ந்து ஆயுள் முழுதும் நொண்டுவது ஒன்று. வெறும் சுளுக்கிற்கு, முறிந்துவிட்டதென அஞ்சி, நகையை அடகு வைத்து வண்டி பிடித்துப் பட்டணத்திற்கு ஓடி எக்ஸ்ரே படம் எடுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பகுத்தறிய ஓர் எளிய வழி உண்டு. நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவனேயன்றி வைத்தியனல்லன். டாக்டர்கள் கையாளும் முறையையே எடுத்துச் சொல்கின்றேன்.

கணைக்காலில் எலும்புகள் இரண்டு. உட்புறமுள்ளது பருத்தது, வெளிப்புறமுள்ளது மெல்லியது. இவற்றின் கீழ் நுனிகளே கணுக்காலின் இருபக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் உட்கணுவும் வெளிக்கணுவும். சில ஜில்லாக்களில் இவ்விடத்தைக் கரண்டை என்றும் பரடு என்றும் வழங்குவர். இவ்விரண்டிற்கும் நடுவே, முளைக்குச்சி பொருந்தியதுபோலப் பாதத்தின் மேலெலும்பு அமர்ந்திருக்கின்றது. எலும்போடு எலும்பைப் பிணைப்பவை நார்கள். உட்புற நார் அகன்று வலுவுள்ளது; வெளிப்புறத்திலோ மூன்று தனித்தனி நார்கள். பாதம் உட்புறமாய் மடங்கும்பொழுது வெளிப்புற நார்கள் இழுபடுகின்றன. அவற்றுள்ளும் முன்பக்கத்து நாரே முதலில் அறுகின்றது. சுளுக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுவே.

வீக்கத்தைக் கண்டு முறிவென்று தீர்மானித்தல் தவறு. நார் அறுந்தாலும் கால் பூசணிபோல் வீங்கும். தோல் கறுத்து இரத்தங் கட்டும். எலும்பில் சிறு கீறல் விழுந்தவருக்கோ வீக்கம் சொற்பமாயிருக்கலாம். விழுந்தபொழுது "டக்" என்று சத்தம் கேட்டதென்பதும் சாட்சியாகாது. நார் அறும்பொழுதும் அப்படிக் கேட்கும்.

கனடா தேசத்தில் ஆட்டவா என்ற நகரத்தில், ஸ்டீல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் இவ்விஷயத்தை ஆராய்ந்தனர். கணுக்கால் அடிபட்டு வந்தவர் அநேகமாக எல்லோருக்கும் படம் எடுக்கப்பட்டு வந்தது. நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக்கூட முறிவு காணப்படவில்லை. ஆகவே கையால் தொட்டுப் பார்த்தே யாருக்குப் படம் அவசியம் என்று அறிய ஒரு விதி வகுத்து 1992-ஆம் வருஷம் வெளியிட்டனர். பல தேசங்களில் சுமார் 15,000 பேரைச் சோதித்த முடிவுகளை ஒன்றுசேர்த்து 2003-ஆம் வருஷம் பார்த்தபொழுது, இவ்விதிப்படி முறிவில்லை என்று கண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குங் குறைவாகவே முறிவு தப்பியிருந்தது. ஒரு காசு செலவில்லாத சோதனைக்கு இஃது அற்பமல்ல.

செய்யும் விதத்தைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். முதலில் நல்ல காலைத் தொட்டுப் பார்த்துப் பழகவேண்டும். அப்பொழுதுதான் எது இயற்கையான மேடு, எது வீக்கம் என்று விரலுக்குத் தெரியும். பின்பு அடிபட்ட காலில், வெளிக்கணுவின் நுனியில் தொடங்கி, எலும்பின் பின்விளிம்பு வழியாக மேல்நோக்கி 6 சென்டிமீட்டர், அதாவது மூன்று நான்கு விரற்கடை தூரம், ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டு போகவேண்டும். உட்கணுவிலும் அவ்வாறே. பின்விளிம்பு என்பதைக் கவனியுங்கள். முன்புறத்தில் நார்கள் எலும்போடு சேருமிடம் இருப்பதால், வெறும் சுளுக்கிலும் அங்கே வலிக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பின்மேல் அழுத்தும்பொழுது வலித்தால் படம் எடுத்தே தீரவேண்டும்.

பாதத்திலும் இரண்டு இடங்கள் உண்டு. சுண்டுவிரலிலிருந்து வெளி ஓரமாய்ப் பின்னோக்கித் தடவினால் ஏறக்குறைய பாதி வழியில் ஒரு புடைப்பு தட்டுப்படும், அஃது ஒன்று. உட்கணுவிற்குச் சற்று முன்னே கீழ்ப்புறம் உள் ஓரத்திலுள்ள மேடு மற்றொன்று. இவற்றில் வலித்தாலும் படம் அவசியம்.

கடைசியாக நடை. அடிபட்டவுடன் நான்கு அடி நடக்க முடிந்ததா? இப்பொழுது முடிகின்றதா? நொண்டி நடந்தாலும் நடையே. காலை மாற்றிப் பாரத்தைத் தாங்கினால் போதும். இரண்டு வேளையிலும் முடியவில்லையெனில், அழுத்திய இடங்களில் வலி இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வலித்ததனாலேயே முறிந்துவிட்டதென்று பொருளல்ல. அப்படிச் செல்பவர்களிலும் பெரும்பாலோருக்கு எலும்பு நன்றாகவே இருக்கும்.

இவ்விதி செல்லாத ஆட்களும் உண்டு. குஷ்டத்தினாலோ நீரிழிவினாலோ பாதம் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. முறிந்த காலோடும் நடப்பார். குடித்திருப்பவர் சொல்லும் பதிலும் அப்படியே. வேறிடத்தில் பெருங்காயம் பட்டவருக்குக் கணுவின் நோவு புலப்படாது. வளரும் பிள்ளைகளை டாக்டரிடம் காட்டுவதே உசிதம். பாதம் கோணித் திரும்பியிருந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும், விரல்கள் குளிர்ந்து வெளுத்து உணர்ச்சியற்றிருந்தாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டு நேரம் போக்கலாகாது.

கணுவைப் பார்க்கும் டாக்டர் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தையும் அழுத்திப் பார்ப்பார். வலி கீழேயிருக்க மேலே ஏன் பார்க்கின்றார் என்று எண்ணற்க. கணுவில் ஏற்பட்ட முறுக்கு மெல்லிய எலும்பின் வழியே ஏறி அதன் மேற்பகுதியை முறிப்பதுண்டு. மேஸன்னேவ் என்ற பிரெஞ்சு வைத்தியர் இதை 1840-ஆம் வருஷத்திலேயே எழுதியுள்ளார்.

கெண்டைக்காலைக் குதிகாலோடு பிணைக்கும் பெருநாரைப்பற்றி ஒரு வார்த்தை. யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போன்ற உணர்ச்சியோடு இஃது அறும். அறுந்தபின்னும் வேறு தசைகளின் துணையால் பாதத்தை ஒருவாறு அசைக்க முடிவதால், சுளுக்கென்று விட்டுவிடுகின்றனர். அவரைக் குப்புறப் படுக்கச் செய்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைச் சதையைக் கையால் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். நார் அறுந்த காலில் அசையாது. 1957-இல் ஸிம்மண்ட்ஸ் என்பவரும் 1962-இல் தாம்ஸனும் எழுதிய இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. அசைவு இல்லையெனில் அன்றே டாக்டரிடம் செல்லவேண்டும்.

எலும்பு முறிவில்லை என்று தெரிந்தபின், நார் எவ்வளவு அறுந்தது என்பது கேள்வி. அதற்கு டாக்டர் ஒரு கையால் கணைக்காலைப் பிடித்து, மறு கையால் குதிகாலை முன்னோக்கி இழுத்து, பாதம் நழுவுகின்றதா என்று நல்ல காலோடு ஒப்பிடுவார். முதல் இரண்டு நாள் வலியினால் தசைகள் இறுகியிருப்பதால் இது சரியாய் விளங்காது. நாலைந்து நாள் கழித்துச் செய்தால் நன்கு தெரியுமென்று 1996-இல் ஹாலந்து தேசத்து டாக்டர்கள் காட்டினர். ஆகையால் "ஐந்து நாள் கழித்து வா" என்று டாக்டர் சொன்னால், தட்டிக்கழிக்கின்றார் என்று கோபிக்கவேண்டாம். இந்த இழுப்பை நாமே செய்து பார்த்தல் கூடாது.

நாட்டு வைத்தியரைப்பற்றிக் கேட்பீர்கள். பரம்பரையாய்க் கட்டுப் போடுவோரிடம் நம்மவருக்குள்ள நம்பிக்கையை நான் பழிக்க வரவில்லை. ஆனால் மூங்கிற்பத்தையை இறுக்கிக் கட்டியதில் இரத்த ஓட்டம் நின்று பாதம் அழுகிப் போவதுண்டு. கட்டுப் போட்டபின் விரல் நீலமானாலும் மரத்தாலும் உடனே அவிழ்க்கவேண்டும். புதுச் சுளுக்கை உருவுவதும், வெந்நீர் ஒற்றடம் இடுவதும் வீக்கத்தை அதிகப்படுத்தும். முதல் இரண்டு மூன்று நாள் ஈரத்துணியோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ கால்மணி நேரம் வைத்தெடுத்து, பட்டித்துணி சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தல் போதும். பின்பு வலி பொறுக்கும் அளவில் நடக்கத் தொடங்கலாம். வாரக்கணக்காய்ப் படுத்திருப்பது காலைப் பலவீனமாக்கும். வலி நீங்கியபின் தினந்தோறும் பல் துலக்கும் நேரத்தில் அந்தக் காலால் மட்டும் நின்று பழகினால், மறுபடியும் பிசகுவது குறையும். இதை யாரும் செய்வதில்லை, செய்யத்தக்கது இதுவே.

முறிவு என்று சந்தேகித்தால் நடக்கவிடாமல், இருபுறமும் தலையணையை வைத்துத் தளர்வாய்க் கட்டித் தூக்கிச் செல்லுங்கள். 108-க்குச் சொன்னால் வண்டி வரும். லண்டன் நகரத்தில் பெர்ஸிவல் பாட் என்ற பிரசித்த ரண வைத்தியர் 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தபொழுது, தம்மை யாரும் கண்டபடி தூக்கவொட்டாமல், தெருவிலேயே கிடந்து, ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கழிகளை அடித்து, அதன்மேல் படுத்து வீடு சேர்ந்தாராம். நம் ஊரில் கதவுக்குப் பஞ்சமில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு ஒரு யோசனை சொல்லி நிறுத்துகின்றேன். கக்கத்தில் வைத்து ஊன்றும் கட்டை இரண்டு ஜோடியும், அகலமான பட்டித்துணி சிலவும் வாங்கிச் சங்க ஆபீஸில் வைத்து, வேண்டியவருக்கு இரவல் கொடுக்கலாம். பொது நன்மை நிதியில் விதிகள் இடங்கொடுக்குமா என்று காரியதரிசி பார்த்து, தீர்மானத்தின் நகலை எனக்கு அனுப்பினால் மேலிடத்திற்கு எழுதுகின்றேன்.