“ஒரு பிளேட் கொண்டு வாங்கோ”



ஒனிஹங்காவில் பள்ளிக்கூட ஒன்றுகூடலுக்கு “பிளேட் கொண்டு வாங்கோ” என்றால் வெறும் கோப்பை இல்லை. எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது செய்து கொண்டு போகவேண்டும். கையில் காசு குறைவோ? கோல்ஸ்லோ போதும். கோவா, கரட்டைக் கழுவி மெல்லிசாய் அரியுங்கோ.

கலவை நியூசிலாந்தின் பழைய வீட்டு முறை: 395 கிராம் டின்பால் ஒன்று, மோல்ட் வினாகிரி 1 கப், கடுகுத்தூள் 2 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. நல்லாய் அடித்துச் சில நிமிடம் வையுங்கோ. புளிப்புப் பட்டுப் பால் தடிக்கும். பச்சை முட்டை தேவையில்லை. அளவாய்க் கலந்து, மிச்சத்தைப் பிரிட்ஜில் வையுங்கோ.

“பால், கடுகு சேர்ந்தது” என்று துண்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கோ. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பினம்.